முலுண்டை அடிக்கோடாக்கும் கருவிகள்

முலுண்ட் என்ற ஊர்ப்பெயரைத் தமிழில் எழுத எட்டு யூனிகோடு குறியெண்கள் தேவை: ம, உகரக் குறி, ல, உகரக் குறி, ண, புள்ளி, ட, புள்ளி. மராத்தியிலும் குஜராத்தியிலும் அதே பெயர் ஆறு குறியெண்களில் முடிந்துவிடுகிறது. அங்கே அனுஸ்வாரம் தனியாகச் செய்யும் வேலையைத் தமிழில் ணகரமும் புள்ளியும் சேர்ந்து செய்கின்றன. ஈற்றில் இன்னொரு புள்ளி வேறு. மும்பை மாநகராட்சியின் எல்லை முடிந்து தாணே தொடங்குவதற்கு முன் வரும் கடைசி ரயில் நிலையம் முலுண்ட். இந்தப் பெயரை ஒரு மெமரி கார்டில் கோப்புப் பெயராக இட்டு, அந்தக் கார்டை லாமிங்டன் சாலைக் கடைகளில் வாங்கிய பாகங்களால் ஒரு மாணவர் உருவாக்கிய சிறு கருவியில் செருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், திரையில் வரக்கூடிய விடை இதுதான்: ______~1

ஆறு அடிக்கோடுகள், ஓர் அலைக்குறி, ஓர் எண். செம்பூர் என்ற பெயரில் இன்னொரு கோப்பு இருந்தால் அது ______~2. மாட்டுங்கா ______~3. எந்த ஊர் எந்த எண்ணைப் பெறும் என்பதை எது முதலில் கார்டில் நகலெடுக்கப்பட்டது என்பதே தீர்மானிக்கிறது.

இதைக் கண்டதும் பெரும்பாலோர் சொல்வது, 'சிறு கருவிகளுக்குத் தமிழ் தெரியாது' என்பது. பிழையான விளக்கம் அது. கார்டில் தமிழ்ப் பெயர் முழுமையாக, ஒரு குறியெண்கூடக் குறையாமல் எழுதப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அதற்கான இடமும் அங்கே இருந்து வருகிறது. பெயர் தொலைவது எழுதும்போது அன்று, அடைவை வாசிக்கும்போது. அடைவை வாசித்தல் என்பதை ஒற்றை வரிக் கட்டளையாக மட்டும் கற்பிக்கும் பழக்கம் நம் பொறியியல் வகுப்புகளில் தொடரும்வரை, இந்த இழப்பு எவர் கண்ணிலும் படாமலே நிகழ்ந்துகொண்டிருக்கும்.

கார்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபேட் கோப்பு முறைமையில் அடைவு என்பது 32 பைட்டு நீளமுள்ள வரிகளின் தொடர். முதல் 11 பைட்டுகளில் பெயர்: எட்டு எழுத்து, அதன்பின் மூன்றெழுத்துப் பின்னொட்டு. அடுத்த பைட்டில் பண்புகள். பின்னர் தேதிகள், நேரங்கள், கோப்பு தொடங்கும் கிளஸ்டரின் எண். கடைசி நான்கு பைட்டுகளில் கோப்பின் அளவு. 512 பைட்டுச் செக்டர் ஒன்றில் இத்தகைய 16 வரிகள் அடங்கும். வரியின் முதல் பைட்டு சுழியமாக இருந்தால் அடைவு அத்துடன் முடிந்தது. பதினாறடிமான எண்முறையில் ஈ5 ஆக இருந்தால் அந்தக் கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது.

இந்த ஈ5 மதிப்பு சிபி/எம் இயங்குதளத்தின் காலத்திலிருந்து வந்த மரபு. அது ஜப்பானுக்குச் சென்றபோது ஒரு சிக்கல் எழுந்தது. அங்கு வழங்கிய ஷிஃப்ட்-ஜிஸ் குறியீட்டில் சில காஞ்சி எழுத்துகளின் முதல் பைட்டும் ஈ5தான். அந்த எழுத்தில் தொடங்கும் கோப்புகள் எல்லாம் அழிந்தவையாகத் தோன்றின. எனவே விதி திருத்தப்பட்டது: பெயரின் முதல் பைட்டு ஈ5 ஆனால் வட்டில் 05 என்று எழுதுக, வாசிக்கும்போது மீண்டும் ஈ5 ஆக்குக. இன்றுவரை உலகெங்கும் ஃபேட் அடைவை முறையாக வாசிக்கும் ஒவ்வொரு நிரலிலும் இந்தச் சிறு சோதனை இடம்பெறுகிறது. ஒரு மொழியின் பெயர்கள் தொலைகின்றன என்று அம்மொழியினர் முறையிட்டதன் தடம் அது.

தமிழுக்கு அத்தகைய விதிவிலக்குத் தேவைப்படவில்லை. 1995இல் விண்டோஸ் 95 வழியாக நீண்ட கோப்புப் பெயர்கள் ஃபேட் முறைமையில் பரவலாயின. வழக்கமான வரிக்கு முன்னால் கூடுதல் வரிகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் பண்புப் பைட்டில் 'வாசிக்க மட்டும்', 'மறைவு', 'முறைமைக் கோப்பு', 'வட்டின் பெயர்' ஆகிய நான்கு அடையாளங்களும் ஒருங்கே இடப்பட்டன. எந்த இயல்பான கோப்புக்கும் இந்தச் சேர்க்கை பொருந்தாது. ஆகவே பழைய டாஸ் நிரல்கள் அவ்வரிகளைக் கண்டுகொள்ளாமல் கடந்தன. ஒவ்வொரு கூடுதல் வரியிலும் இரண்டு பைட்டு யூனிகோடு அலகுகள் 13. தமிழ் எழுத்துத் தொகுதியோ 1991இல் வந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே இருந்தது. எனவே அன்றே முலுண்ட் என்ற பெயர் ஒரு கூடுதல் வரியில் எட்டு அலகுகளாக, ஒரு முடிவுக் குறியுடனும் நான்கு வெற்று நிரப்பிகளுடனும் வசதியாக அமர முடிந்தது.

பதினாறடிமானக் காட்டியில் அந்த வரியைப் பார்ப்பது ஒரு நல்ல அனுபவம். தமிழ்ப் பெயரில் ஒன்றுவிட்டு ஒரு பைட்டு 0பி என்று வரும். தேவநாகரிப் பெயரில் அதே இடங்களில் 09, குஜராத்தியில் 0ஏ. மூன்று மொழிகளும் அன்றாடம் புழங்கும் முலுண்டில் ஒருவரது கார்டைத் திறந்தால், எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் எந்த வரி எந்த மொழி என்று சொல்லிவிடலாம். (ஒடியாவும் 0பி-யில்தான் தொடங்குகிறது, அதன் இரண்டாம் பைட்டு தமிழுக்குக் கீழே நிற்கும்.)

கார்டில் இவ்வளவு தெளிவாக இருப்பது திரையில் அடிக்கோடாவது எப்படி? நீண்ட பெயரோடு பழைய 11 பைட்டு வரியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வரியில் தமிழ் எழுத்தை வைக்க வழியில்லை. எனவே, எழுதும் மென்பொருள் மாற்றமுடியாத எழுத்துக்குப் பதில் அடிக்கோடு இடுகிறது. லினக்ஸ் கருவும் அப்படியே செய்கிறது. சிறு கருவிகளில் மிகப் பரவலாகப் பயன்படும் ஃபேட்எஃப்எஸ் நூலகமும் அப்படியே செய்கிறது. ஆறு இடம் பெயருக்கு, இரண்டு இடம் வரிசை எண்ணுக்கு. இப்போது வாசிக்கும் நிரல் நீண்ட பெயர் வரிகளைத் தாண்டிச் சென்று குறும்பெயர் வரியை மட்டும் எடுத்தால், கிடைப்பது அந்த அடிக்கோடுகள்தான்.

தாண்டிச் செல்வது நூலகங்களின் இயல்புநிலை. ஆர்டுவினோவுடன் வரும் எஸ்டி நூலகம் எட்டும் மூன்றுமான குறும்பெயர்களை மட்டுமே அறியும். ஃபேட்எஃப்எஸ் நூலகத்தில் நீண்ட பெயர்களை வாசிக்கும் திறன் முழுமையாக உண்டு. ஆனால் அதன் அமைவுக் கோப்பில் அது அணைக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. அதே அமைவுக் கோப்பில் எழுத்துக் குறியீடு 932 என்று இருக்கும். அது ஜப்பானியக் குறியீடு. நூலகத்தை எழுதியவர் ஜப்பானியர். தம் வீட்டு மொழியை இயல்புநிலையாக வைத்தார். அதில் குறைகூற ஒன்றுமில்லை. அதை முலுண்டிலும் மாட்டுங்காவிலும் அப்படியே விட்டுவைப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். நீண்ட பெயரை இயக்கிவிட்டு, குறியீட்டை மட்டும் யூடிஎஃப்-8க்கு மாற்றாமல் விட்டாலும் பயனில்லை. தமிழ் எழுத்தை அந்தக் குறியீட்டுக்கு மாற்ற முடியாதபோது நூலகம் பிழை ஏதும் அறிவிக்காமல் குறும்பெயரையே தந்துவிடுகிறது. மீண்டும் அடிக்கோடு, 'இயக்கியும் வரவில்லையே' என்ற குழப்பம் மட்டும் கூடுதல்.

உட்பொதி லினக்ஸில் இதற்கு வேறொரு வடிவம். கருவின் இயல்புநிலையில் ஃபேட் வட்டை இணைத்தால் பெயர்கள் மேற்கு ஐரோப்பியக் குறியீட்டுக்கு மாற்றப்படும். மாற்றமுடியாத ஒவ்வொரு குறியெண்ணும் ஒரு கேள்விக்குறி. முலுண்டுக்கு எட்டுக் குறியெண், செம்பூருக்கும் எட்டு. பட்டியலில் இரண்டு ஊர்களும் எட்டு எட்டுக் கேள்விக்குறிகளாக அடுத்தடுத்து நிற்கும். இணைக்கும் கட்டளையில் யூடிஎஃப்-8 விருப்பத்தைச் சேர்த்தால் இச்சிக்கல் தீரும். ஒரு சொல்லில் தீரும் ஒன்று ஆண்டுக்கணக்கில் தீராதிருப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் நேர்மையானவை உண்டு. முதலாவது, நினைவகம். ஆர்டுவினோ ஊனோவின் நுண்கட்டுப்படுத்தியில் செயல்நினைவகம் 2,048 பைட்டு மட்டுமே. ஒரு செக்டரை வாசிக்கவே 512 பைட்டு போய்விடுகிறது. 255 அலகு நீளமுள்ள பெயரைச் சேர்த்துவைக்க ஃபேட்எஃப்எஸ் இன்னொரு 512 பைட்டு கேட்கும். நான்கில் ஒரு பங்கைப் பெயருக்கென்றே ஒதுக்க அங்கே இயலாது. இயல்புநிலை அணைக்கப்பட்டதற்கு அன்று நியாயம் இருந்தது. ஆனால் இன்று மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் 520 கிலோபைட்டு கொண்ட ஈஎஸ்பி32, அல்லது 264 கிலோபைட்டு கொண்ட ராஸ்பெரி பை பிக்கோ. ஏழ்மை நீங்கிய பிறகும் ஏழ்மைக் காலத்துச் சிக்கனம் தொடர்கிறது.

இரண்டாவது, காப்புரிமை. நீண்ட பெயரையும் குறும்பெயரையும் ஒருசேர வைக்கும் முறைக்கு மைக்ரோசாஃப்ட் காப்புரிமை வைத்திருந்தது. 2009 பிப்ரவரியில் டாம்டாம் நிறுவனத்தின்மீது வழக்கும் தொடுத்தது; அடுத்த மாதமே வழக்கு சமரசத்தில் முடிந்தது. சிறு கருவி செய்வோர் நீண்ட பெயரை விலக்கி வைக்க அக்காலத்தில் இது ஒரு காரணம். அந்தக் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

மூன்றாவது வாதம்தான் வலுவானது: கோப்புக்கு ஆங்கிலத்தில் குறுகிய பெயர் வைப்பதே நல்ல பொறியியல் என்பது. இதற்கு விடை சொல்லும்முன் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். தானே பெயர் வைக்கும் கருவி ஒன்று; பிறர் வைத்த பெயரை வாசிக்கும் கருவி இன்னொன்று.

முதல் வகைக்கு மழைமானி நல்ல எடுத்துக்காட்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதே நாளில் கொலாபாவில் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகரில் பத்து மடங்குக்கும் மேலான வேறுபாடு. பேட்டைதோறும் மழைமானி வேண்டும் என்ற எண்ணம் அன்றே நகரில் வேரூன்றியது. பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளில் மழைமானி விரும்பப்படுவதில் வியப்பில்லை. முலுண்டில் ஒரு மொட்டைமாடியில் இத்தகைய கருவியை ஜூன் 1 அன்று வைத்து, நாளுக்கொரு கோப்பாக 'முலுண்ட்-0601' என்ற பாங்கில் சிஎஸ்வி பின்னொட்டுடன் பெயரிடுவதாகக் கொள்வோம். பெயரில் 17 அலகுகள். ஒரு நீள்வரியில் 13 மட்டுமே அடங்கும் என்பதால் இரண்டு நீள்வரிகள், ஒரு குறும்பெயர் வரி, ஆக மூன்று. கார்டு 2 ஜிபி அளவிலான பழைய வகையாகவும் ஃபேட்16 முறையாகவும் இருந்தால், முதன்மை அடைவில் வழக்கமாக 512 வரிகளே உண்டு. அதைப் பெரிதாக்க முடியாது. 170 கோப்புகளில் இடம் தீரும். நவம்பர் நடுப்பகுதியில் கருவி எழுதுவதை நிறுத்திவிடும். கார்டிலோ ஏறக்குறைய முழு இடமும் காலியாக இருக்கும். ஆங்கில எழுத்தில் குறும்பெயர் இட்டிருந்தால் ஓராண்டைத் தாண்டி ஓடியிருக்கும். துணை அடைவுக்குள் எழுதியிருந்தாலும் இந்த எல்லை இல்லை. இங்கே மூன்றாவது வாதம் முற்றிலும் சரி. இயந்திரம் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பெயரில் மொழிப்பற்றுக்கு இடமில்லை.

இரண்டாம் வகையில் நிலை வேறு. தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட குடும்பங்களின் முதியவர்களை ஓர் ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவுக்கும் பேசியவரின் பெயரையும் சொந்த ஊரையும் கணினியில் தமிழிலேயே இடுகிறார். அல்லது மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றுக்கென ஓர் ஆசிரியை கதைகளைப் பதிந்து, பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் பெட்டியில் கார்டாகச் செருகுகிறார். இங்கே பெயர் மனிதர் வைத்தது. அதில் பொருள் இருக்கிறது. பல பதிவுகளுக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் அடையாளம். 'ஆங்கிலத்தில் வைத்திருக்கலாமே' என்பது கருவி தன் கடமையை ஆசிரியையின் தலையில் கட்டுவதாகும். ஒலிக்கோப்பைப் பிழையின்றி இசைத்து, அதன் பெயரை மட்டும் அடிக்கோடாக்கும் பெட்டியைப் 'பாதி வேலை செய்கிறது' என்று மதிப்பெண் குறைக்கும் தேர்வாளர்கள் தேவை.

பெயர் திரையில் தவறாகத் தெரிவதோடு இது முடிவதும் இல்லை. குறும்பெயரை மட்டுமே அறிந்த நூலகம் கொண்டு ஒரு கோப்பை அழித்தால், அது குறும்பெயர் வரியை மட்டும் ஈ5 ஆக்கும். நீண்ட பெயர் வரிகள் அநாதைகளாக அடைவிலேயே தங்கிவிடும். ஆர்டுவினோ நூலகத்தின் மூலமான எஸ்டிஃபேட்டின் ஆவணத்திலேயே, நீண்ட பெயருள்ள கோப்பை அதன் குறும்பெயர் வழியாக அழிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை உண்டு. ஒவ்வொரு நீள்வரியிலும் குறும்பெயரிலிருந்து கணித்த ஒரு சரிபார்ப்புப் பைட்டு இருக்கிறது. குறும்பெயரை மட்டும் மாற்றினால் அது பொருந்தாமல் போய், அதன்பின் கணினியும் தமிழ்ப் பெயரை நம்பாது. ஆக, வாசிக்கத் தெரியாத கருவி எழுதவும் செய்தால், அதுவரை பத்திரமாக இருந்த பெயர் அப்போது உண்மையிலேயே அழிகிறது.

அடைவை வாசித்தல் தரும் வாக்குறுதிகளைப் பற்றியும் மாணவர்களுக்குத் தவறான எண்ணங்கள் உண்டு. பட்டியல் முழுமையானது என்பது அவற்றுள் முதன்மையானது. போசிக்ஸ் முறையில் அடைவின் அடுத்த வரியைக் கேட்கும் செயல்கூறு, பட்டியல் முடிந்தாலும் வெறுமையைத் தரும். கார்டு பழுதாகி வாசிப்பு தடைபட்டாலும் அதே வெறுமையைத்தான் தரும். பிழை எண்ணை முன்கூட்டிச் சுழியமாக்கி வைத்துப் பின்னர் சோதித்தால் மட்டுமே இரண்டையும் பிரித்தறிய முடியும். ஃபேட்எஃப்எஸ் இவ்வகையில் மேல்: பிழையை மறுமொழி எண்ணிலும், முடிவை வெற்றுப் பெயரிலும் தனித்தனியே சொல்கிறது. ஆனால் மறுமொழி எண்ணைப் பார்ப்பவர் யார்? 'வெறுமை வரும்வரை சுற்று' என்று எழுதிய நிரல், நூறு கோப்புள்ள கார்டில் நாற்பதாவதில் தடுக்கினால் 'நாற்பது கோப்புகள்' என்று அமைதியாக அறிவிக்கும். அந்த எண் ஆய்வேட்டின் அட்டவணைக்குள் சென்றுவிட்டால் பிறகு அதைக் கண்டுபிடிப்பவர் இல்லை.

அளவைப் பற்றிய தகவலும் அப்படியே. ஃபேட்எஃப்எஸில் கோப்பை மூடும்போதோ, ஒத்திசைக்கச் சொல்லும்போதோதான் அடைவு வரியில் அளவு எழுதப்படும். இடையில் மின்சாரம் நின்றால், மணிக்கணக்கில் எழுதிய தரவு கார்டில் கிடக்க, அடைவு சுழியம் பைட்டு என்று சொல்லும். 2020 அக்டோபர் 12 காலையில் மும்பைப் பெருநகரின் மின்வழங்கல் ஒரேயடியாக நின்று ரயில்களே நடுவழியில் நின்றன. மின்கலமின்றிச் சுவர் மின்சாரத்தில் ஓடிக்கொண்டு கோப்பைத் திறந்தே வைத்திருக்கும் எந்தத் தரவுப்பதிவிக்கும் அத்தகைய காலையில் நேர்வது இதுதான். அடைவு சொல்வதை மட்டும் நம்பும் மாணவர் 'தரவு இல்லை' என்று எழுதுவார்; கிளஸ்டர்களைத் தேடுபவர் மீட்டெடுப்பார்.

அடுத்தது வரிசை. அடைவு எந்த வரிசையில் பெயர்களைத் தரும் என்பதற்கு ஃபேட் எந்த உறுதியும் அளிப்பதில்லை. பெரும்பாலும் எழுதப்பட்ட வரிசை, நடுவில் எவையேனும் அழிக்கப்பட்டிருந்தால் அந்த இடைவெளிகளில் புதியவை புகுந்த வரிசை. டிஎஃப்பிளேயர் மினி என்ற மலிவான இசைப்பலகையில் பாடல்கள் பெயர் வரிசையில் வராமல் நகலெடுத்த வரிசையில் வருவதைக் கண்டு திகைக்காத மாணவர் குறைவு. காரில் பென் டிரைவைச் செருகி 'முதல் பாட்டு ஏன் முதலில் வரவில்லை' என்று வியந்தவர்களும் இதையேதான் கண்டார்கள். ஃபேட்சார்ட் என்னும் சிறு மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. அடைவின் வரிகளையே இடம் மாற்றி அடுக்கிவிடும்.

சரி, கருவியே வரிசைப்படுத்தட்டும் என்றால், தமிழுக்கு அதுவும் எளிதன்று. குறியெண் வரிசையில் அடுக்கினால் ந-வுக்கு அடுத்து ன வந்துவிடும். ற-வோ ர-வை ஒட்டி நிற்கும். நம் நெடுங்கணக்கில் றகர னகரங்களின் இடம் ஈறு. அதைவிடப் பெரிய கோளாறு புள்ளியில். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பின்னால் இருப்பதால், மெய்யெழுத்து அகரமேறிய எழுத்துக்கு முன் வர வேண்டியிருக்க, ஔகாரத்துக்கும் பின்னால் தள்ளப்படும். அகராதி புரட்டிப் பழகிய ஒருவர் இத்தகைய பட்டியலில் தேடும் பெயரைக் கண்டடைய மாட்டார். இல்லை என்றே முடிவு செய்வார்.

காட்கோபர் என்ற பெயர் இன்னொரு பொறி. அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அடைவுக்கு ஒன்று ஒன்பது அலகு, மற்றொன்று பத்து. ஃபேட் முறைமை இவற்றை ஒருமைப்படுத்துவதில்லை. ஆகவே ஒரே அடைவில் 'காட்கோபர்' இருமுறை இருக்கலாம், இரண்டும் வேறு வேறு கோப்புகளாக. ஒரு கணினியில் தட்டச்சிட்ட பெயரைக் கொண்டு இன்னொரு கணினியில் எழுதிய கோப்பைத் தேடினால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற விடை வரும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் கொண்ட பெயர்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். தமிழில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

இவற்றுள் எதுவும் இயங்குதளப் பாடநூல்களின் அடைவு அத்தியாயத்தில் வருவதில்லை. அங்கே வருவன ஒற்றைநிலை அடைவு, இருநிலை அடைவு, மர அடைவு, சுழற்சியற்ற வரைபட அடைவு. படங்கள் அழகானவை, தேர்வுக்கும் ஏற்றவை. ஆய்வகத்திலோ நூலகத்தோடு வரும் எடுத்துக்காட்டு நிரலை ஏற்றி, பட்டியல் திரையில் ஓடினால் கையொப்பம். கார்டில் இருக்கும் கோப்புகளுக்கும் ஆங்கிலத்தில்தான் பெயர். 1887இல் தொடங்கிய வீ.ஜே.டி.ஐ. மாட்டுங்காவில் இருக்கும் நகரம் இது; பொறியியற் கல்விக்கு இங்கே வயது குறைவன்று. மாணவர் மூன்று மொழிகள் பேசிக்கொண்டு ரயிலில் வந்து, ஒரே மொழியில் சோதித்துவிட்டுத் திரும்புகிறார். இதைத் திருத்தப் புதிய பாடத்திட்டக் குழு வேண்டியதில்லை. ஆய்வகத்தில் பொதுவாக வைத்திருக்கும் கார்டில் தமிழ், மராத்தி, குஜராத்திப் பெயர்களை இட்டு வைத்தால் போதும். பதினாறடிமானக் காட்டியில் அந்த மூன்று வரிகளையும் கண்டுபிடித்துக் காட்டுமாறு நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி. ஒரு கோப்பைக் கருவி வழியாக அழித்துவிட்டு, மிச்சமாக என்ன கிடக்கிறது என்று அடுத்த கேள்வி.

சிறு திரைகளில் தமிழ் எழுத்து சரியாகக் கோக்கப்படாது, எகரக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஆகவே பெயரைச் சரியாக வாசித்தும் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. எழுத்துக் கோப்பு வேறு வேலை. கருவி பெயரை ஒரு கைப்பேசிக்கோ வலைப்பக்கத்துக்கோ அனுப்பினால், கோக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். அடிக்கோட்டை அனுப்பினால் எந்தக் கைப்பேசியும் அதை முலுண்டாக மாற்றித் தராது.

ஃபேட்டை விட்டு வேறு முறைமைக்கு மாறுவோரும் இதே சோதனையைச் செய்துகொள்வது நல்லது. ஈஎஸ்பி பலகைகளில் நெடுங்காலம் வழங்கிய ஸ்பிஃப்ஸ் முறைமையில் அடைவு என்பதே கிடையாது. சாய்கோடு பெயரின் ஒரு பகுதி; அடைவு போலத் தோன்றுவது வெறும் தோற்றம். முழுப் பெயருக்கும் சேர்த்து வழக்கமான எல்லை 31 பைட்டு. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. முன்னால் வரும் சாய்கோட்டையும் சேர்த்தால் தாராவிக்கு 19. செம்பூருக்கும் முலுண்டுக்கும் 25. மாட்டுங்காவுக்கு மிகச் சரியாக 31; பின்னொட்டுக்கு ஓர் எழுத்துகூட இடமில்லை. காஞ்சூர்மார்க் என்றால் 43. அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் திறக்கவே முடியாது. அதன் இடத்துக்கு வந்த லிட்டில்எஃப்எஸ் முறைமையில் அடைவுகள் உண்மையானவை. பெயரின் எல்லை இயல்பாக 255 பைட்டு, அதாவது 85 தமிழ்க் குறியெண்கள். மத்திய ரயில்வேயின் நிலையப் பெயர்கள் எல்லாமே அதில் அடங்கும். சோதனைக்கான பெயர்ப்பட்டியலை மாணவர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மாட்டுங்காவில் ஏறி முலுண்டில் இறங்குவதற்குள் எழுதிவிடலாம்: சயான், குர்லா, வித்யாவிஹார், காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டூப், நாஹூர்.